இடது கிளச், நடு எக்ஸிலேட்டர், வலது பிரேக்

நஸார் நானாவின் மனைவி ஸரீனா ராத்தாவிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் பாடசாலை ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். “டீச்சர், அவர் மௌத்தாகிட்டார்” என்றார். அந்த மரணச் செய்திக்கு நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. “எந்தக் கார்ல?” என்று கேட்டேன்.

“கார்ல இல்ல டீச்சர். கதிரைல” என்றார் ராத்தா. அஸர் தொழுதுவிட்டு, முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர், தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கும்போது இல்லை. சத்தம் இல்லை, சறுக்கல் இல்லை, யாருக்கும் காயம் இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி, அழுகை பிறகுதான் வந்தது. நஸார் நானாவை அறிந்தவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அந்த மனிதர் கட்டிலிலோ கதிரையிலோதான் போக வேண்டும் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் மாரியம்மனிடம் வேண்டியிருக்கிறேன்.

உங்களில் பெரும்பாலானோர் அவரை மாத்தளை நகரத்து மிளகு முதலாளியாக அறிவீர்கள். கிராம்பை உள்ளங்கையில் போட்டு நசுக்கி முகர்ந்து பார்த்து விலை சொல்லும் மனிதர். நான் அறிந்த நஸார் நானா வேறு. நாலந்தாவுக்குப் போகும் வழியில், அவருடைய மிளகுத் தோட்டத்தின் உச்சியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் இரண்டு பழைய பந்தயக் கார்கள் இருந்தன. ஒன்று பச்சை, இங்கிலாந்தில் செய்தது. மற்றது சிவப்பு, இத்தாலியில் செய்தது. அந்தக் காலத்தில் நாடுகளே ஒன்றோடொன்று கார் ஓட்டிப் போட்டியிட்டன. ஆளுக்கொரு நிறம். இங்கிலாந்துக்காரனுக்குப் பச்சை, இத்தாலிக்காரனுக்குச் சிவப்பு. பச்சையை ஒரு வெள்ளைக்காரத் துரை தோட்டத்தோடு விட்டுப் போயிருந்தார். சிவப்பைக் கலேவெலயில் ஒரு பழைய அரிசி ஆலைக்குள் நானா கண்டெடுத்தார். அதன் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்துதான் காரை இழுத்து வந்தாராம்.

இப்படிப்பட்ட காரியத்துக்குள் நான் எப்படிப் போனேன் என்று கேட்பீர்கள். நான் பயந்தாங்கொள்ளி. என் அப்பா தோட்டத்து லொறி டிரைவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மழை நாளில் லொறி பள்ளத்தில் கிடப்பதாக ஆள் வந்து சொன்னார். அப்பா பிழைத்தார். ஆனால் அவர் நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து சேரும்வரை அம்மாவின் முகம் இருந்த விதம் எனக்குள் தங்கிவிட்டது. அன்றிலிருந்து எந்த வாகனத்தில் ஏறினாலும், வளைவு வந்தால் என் வலது கால் தானாக அழுத்தும். தரையில் பிரேக் இருப்பதுபோல மிதிப்பேன். சக ஆசிரியர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று சேலைக்குள் காலை மறைத்துக்கொள்வேன்.

ஒருநாள் தம்புள்ளையிலிருந்து வந்த பஸ் நாலந்தாவில் நின்றுவிட்டது. அந்த வழியாக வந்த நானா, தெருவில் நின்ற எங்களில் சிலரைத் தம் வேனில் ஏற்றிக்கொண்டார். எனக்கு முன் இருக்கை கிடைத்தது. மாத்தளை வந்ததும் வேனை நிறுத்தினார். இறங்கும்போதுதான் சொன்னார்: “டீச்சர், ஒங்கட கால் என்னயவிட நல்லா ஓட்டுது. நான் பிரேக் புடிக்க வேண்டிய எடத்துக்குக் கொஞ்சம் முந்தியே அது புடிக்குது.” கேலி செய்கிறார் என்று நினைத்து எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “வயசுக்கேத்த பேச்சு பேசுங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஸரீனா ராத்தாவையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். இதய வைத்தியர் அவரைக் கண்டித்திருந்தார். இரண்டு கார்களையும் கட்டி மேய்க்க இனி முடியாது, ஒன்றாவது போக வேண்டும் என்று ராத்தா பிடிவாதமாக நின்றார். எது போவது, எது இருப்பது? அதை முடிவு செய்ய நானாவுக்குச் சாட்சி வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கார் பைத்தியங்கள் வந்து பார்த்துத் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதெல்லாம் அவருக்குப் போதவில்லை. “ஓட்டுறவனுக்குக் கார் பொய் சொல்லும் டீச்சர். ஆசப்பட்டவன் கண்ணுக்கு அது அழகாத்தான் ஓடும். பக்கத்துல பயந்துபோய் உக்காந்திருக்கிற ஆளுக்குத்தான் உண்ம தெரியும்” என்றார். “எனக்கு ஒங்கட பயம் வேணும்.”

என் வாழ்நாளில் என் பயத்தை யாரும் கேட்டு வாங்கியதில்லை. அந்த மயக்கத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தோட்டத்து உச்சிக்குப் போவேன். கொட்டகைக்கு முன்னால் கொஞ்சம் சமதரை. அங்கிருந்து தோட்டத்துப் பாதை மிளகுக் கொடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கி, கீழே இரும்புக் கேட்டில் முடியும். கேட்டுக்கு அந்தப் பக்கம் பிரதான வீதி. தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் மரக்கறி லொறிகள் அதில் ஓயாமல் பறக்கும். கேட்டை எப்போதும் பூட்டித்தான் வைப்பார்கள். ஆனாலும் மேலே உட்கார்ந்திருக்கும்போதே அந்த லொறிச் சத்தத்துக்கு என் வலது கால் மிதிக்கத் தொடங்கும்.

பச்சை ஒரு பெரிய, கனத்த கார். அதன் சட்டம் ரயில் தண்டவாளத்தை வளைத்துச் செய்ததுபோல இருக்கும். எஞ்சின் அவசரப்படாது. தோட்டத்து லொறிபோல நிதானமாக உறுமும். வளைவுக்கு முன்னால் கார் முழுவதும் ஒருமுறை குலுங்கும். அந்தக் குலுக்கலில் எனக்கு விஷயம் புரிந்துவிடும்: இப்போது திரும்பப்போகிறது. என் கால் வழக்கம்போல மிதிக்கும், ஆனால் மெதுவாக மிதிக்கும். முட்டி வலிக்கும் அளவுக்கு இல்லை. பச்சையிலிருந்து இறங்கியதும் எனக்குப் பசிக்கும்.

சிவப்பு அப்படியல்ல. அது மெல்லியது. தகரம் விரலால் தட்டினால் ஒலிக்கும். சின்ன எஞ்சின்தான், ஆனால் காற்றை அமுக்கி அதற்குள் ஊட்டுவதற்குத் தனியாக ஒரு பம்ப். வேகம் ஏறும்போது அந்தப் பம்ப் பெண் பிள்ளை வீறிடுவதுபோலக் கத்தும். அதற்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்பது நானாவின் கட்டளை. புகையில் அந்த வாசம் அடிக்கும். சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய பேதி எண்ணெய் வாசம். பயத்தோடு அந்த வாசமும் சேர்ந்தால் என் கதி என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளைவுக்கு முன்னால் சிவப்பு எந்த முன்னறிவிப்பும் தராது. திரும்பி முடித்த பிறகுதான் திரும்பியது தெரியும். என் கால் மிதிக்கவே மறந்து விறைத்துப் போய்விடும். இரண்டு கைகளாலும் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை நானா உடுத்தியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “டீச்சர், அத விட்டிருங்க. கீழ மானத்தோட போய்ச் சேரணும்” என்றார்.

இரண்டையும் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் பிடிக்கும். “பச்ச நம்மகிட்டக் கேட்டுட்டுச் செய்யும். சிவப்பு செஞ்சிட்டுக் கேக்கும்.” அதற்குமேல் இரண்டு நாட்டுக்காரர்களின் சுபாவத்தைப் பற்றியும் நீளமாகப் பேசுவார். இங்கிலாந்துக்காரன் உடையாத காரைச் செய்துவிட்டு அதை வேகமாக ஓட வைக்கப் பார்த்தான், இத்தாலிக்காரன் வேகமாக ஓடும் எஞ்சினைச் செய்துவிட்டு அதில் மனிதனுக்கு எங்கே இடம் என்று தேடினான் என்பார். எது சரி என்று கேட்டால் தேநீர் வரும்.

இனி நான் சொல்ல வேண்டியது மிதிகளைப் பற்றி. இன்று ஓடும் கியர்க் கார்கள் எல்லாவற்றிலும் இடப்பக்கம் கிளச், நடுவில் பிரேக், வலப்பக்கம் எக்ஸிலேட்டர். பச்சையிலும் அப்படித்தான். சிவப்பில் மட்டும் நடுவில் எக்ஸிலேட்டர், வலப்பக்கம் பிரேக். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்களில் சிலருக்கு அப்படித்தான் பழக்கமாம். ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறும் மனிதன் அவசரத்தில் பழைய ஞாபகத்தில் காலை வைத்தால், நிற்க வேண்டிய கார் பாயும்.

அதனால் நானாவிடம் ஒரு முறை இருந்தது. சிவப்பில் தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி எப்போதோ செத்துவிட்டது. முன்னால் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். எழுப்பியதும் ஹேண்டிலைக் கழற்றி என் மடியில் வைப்பார். செருப்பைக் கழற்றுவார். உட்கார்ந்து, கண்ணை மூடி, வெறுங்காலால் ஒவ்வொரு மிதியையும் தொட்டுத் தொட்டுச் சத்தமாகச் சொல்வார்: “இடது கிளச். நடு எக்ஸிலேட்டர். வலது பிரேக்.” பிறகு பிஸ்மில்லாஹ். அதற்குப் பிறகுதான் புறப்பாடு. முதலில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. பிறகு அதைக் கேட்காவிட்டால் மூச்சு விட முடியாது என்ற நிலைக்கு வந்தேன்.

கடைசி ஞாயிறு அன்று இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதாகப் பேச்சு. முதலில் பச்சையில் கீழே போய் ஏறி வந்தோம். நாங்கள் மேலே வந்த பிறகு, எருவேற்றும் ட்ராக்டருக்காகக் கீழே கேட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. நான் சிவப்பில் போய் உட்கார்ந்தேன். நானா ஹேண்டிலைக் கையில் எடுத்தார், பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டார். “டாக்டர் இதச் சுத்த வேணாம்டு சொல்லியிருக்கார். இன்னைக்கு எறக்கத்துலயே விட்டு ஸ்டார்ட் பண்ணுவம்” என்றார். ஹேண்டிலைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு ஏறினார். தோட்டத்து ஆட்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். கார் உருண்டு, இருமி, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

முதல் வளைவு தாண்டும்வரை எனக்கு என்னவோ குறைகிறது என்று மட்டும் தோன்றியது. என்ன குறைகிறது என்று தெரியவில்லை. இறக்கம் என்பதால் நானா கிளச்சைத் தவிர வேறு மிதியைத் தொடத் தேவை இருக்கவில்லை. கடைசி வளைவில் திரும்பியதும் திறந்த கேட் தெரிந்தது. அதற்கு அப்பால் முட்டைக்கோவா மூட்டைகளோடு ஒரு லொறி வந்துகொண்டிருந்தது. நானாவின் கால் போனது. கார் நிற்கவில்லை. பம்ப் வீறிட்டது. முதுகை யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல நாங்கள் கேட்டை நோக்கிப் பாய்ந்தோம்.

எதைக் கேட்கவில்லை என்று அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. “நடு இல்ல நானா! பிரேக் வலதுல! வலதுல!” என்று கத்தினேன். என் காலும் கூடவே வலப்பக்கம் மிதித்தது. சிவப்பு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய், கேட் தூணை உரசி, முன் சக்கரங்கள் தார் ரோட்டில் ஏறிய பிறகு நின்றது. லொறி எங்கள் மூக்கை ஒட்டிப் போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “பிஸ்ஸுத?” என்று சிங்களத்தில் கத்திவிட்டுப் போனான். பைத்தியமா என்று கேட்டான். நியாயமான கேள்வி.

நாங்கள் வெகுநேரம் இறங்கவில்லை. நானா எஞ்சினை அணைத்துவிட்டும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பயந்து அன்றுதான் பார்த்தேன். கேலி இல்லை, சமாளிப்பு இல்லை. “இன்னைக்கு ஹேண்டில் சுத்தல்ல டீச்சர்” என்றார். “அது கையில வந்தாத்தான் மத்தது வாயில வரும். அது இல்லாததால இதுவும் இல்லாமப் போச்சி.” பிறகு என் பக்கம் திரும்பி, “எது போகணும், எது இருக்கணும்? சொல்லுங்க” என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. “இதுல கேக்க என்ன இருக்கு? பச்சையில நான் பயந்தேன். இதுல செத்தே போயிட்டேன். இந்தச் சனியன வெளிய அனுப்புங்க” என்றேன்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பச்சையைக் கொண்டுபோனார்கள்.

கேள்விப்பட்டதும் நேரே அவர் கடைக்குப் போனேன். கிராம்பு வாங்க நின்றவர்கள் முன்னால் சத்தம் போட்டேன். நல்ல காரைக் கொடுத்துவிட்டு எமனை வீட்டில் வைத்திருக்கிறீர்கள், என்னை ஏன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வைத்தீர்கள் என்று கேட்டேன். நானா எல்லாரும் போகும்வரை காத்திருந்தார். “ஒங்கட பயம் சொன்னதத்தான் செஞ்சிருக்கன் டீச்சர்” என்றார். “பச்சய யார்கிட்டயும் குடுக்கலாம். ஏறி ஒக்காந்தா ஓட்டிட்டுப் போவான். சிவப்ப எப்பிடிக் குடுக்கிற? வாங்கிறவன்கிட்ட நான் நூறு தரம் சொல்லுவன். அவன் தலய ஆட்டுவான். ஒரு நாளைக்கு அவன்ட கூட்டாளிக்கு ஓட்டக் குடுப்பான். அந்தப் புள்ளட கால் நடுவுல போகும். பயங்காட்டுறத வெளிய அனுப்ப ஏலா. அது நம்மகிட்டதான் இருக்கணும்.”

மிதிகளை மாற்றிப் பொருத்தலாமே என்றேன். அது அந்தக் காரைச் செய்தவனுடைய பேச்சு, அதைத் திருத்த நான் யார் என்றார். அது வெறும் பிடிவாதம். அஞ்சலி எழுதுகிறேன் என்பதற்காக அதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் சிவப்பை ஓட்டவே இல்லை. அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, சாக்கில் சுற்றிய இரும்பு ஹேண்டிலை மேசைமேல் வைத்தார். “எனக்குப் பொறகு இந்தக் காருக்குப் பயப்பட ஒரு ஆள் வேணும்” என்றார். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்து அரிசிப் பெட்டிக்குப் பின்னால் போட்டு வைத்தேன்.

அவருடைய ஏழாம் நாள் கத்தம் ஓதும் சடங்குக்காக, கொட்டகைக்குக் கீழே இருக்கும் அவர்கள் வீட்டுக்கு நான் போயிருந்தேன். கட்டாரில் வேலை செய்யும் மகன் இர்பான், ஜனாஸா அடக்கப்பட்ட பிறகுதான் வந்து சேர்ந்திருந்தார். வாப்பாவின் முகத்தைப் பார்க்கக் கிடைக்காத பிள்ளை. வந்ததிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை என்று ராத்தா கவலைப்பட்டார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கொட்டகைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன். என் அம்மாவின் முகம் அது.

நான் அவ்வளவு வேகமாக மேடு ஏறியதில்லை. இர்பான் சிவப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் தள்ளுவதற்குத் தயாராகப் பின்னால் நின்றார்கள்.

“வாப்பாட கார ஒருக்கா ஓட்டணும் டீச்சர்” என்றார். “ரோட்டு வரைக்கும். அவ்வளவுதான்.”

“ஹேண்டில் என்கிட்ட இருக்கு மகன். அது இல்லாம எடுக்கக் கூடாது.”

“ஹேண்டில் எதுக்கு? எறக்கத்துல தள்ளி விட்டா ஸ்டார்ட் ஆகும்.”

கீழே கேட் திறந்துதான் கிடந்தது. கத்தத்துக்கு வந்தவர்களின் வாகனங்கள் போய்வந்துகொண்டிருந்தன. லொறிச் சத்தம் கேட்டது. வேண்டாம் என்று கத்தினால் அந்தப் பிள்ளை போய்விடும் என்று தோன்றியது. கதவைப் பிடித்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

“சரி, நானும் வர்றேன். ஆனா உங்க வாப்பா செய்யிற மாதிரி செய்யணும். செருப்பக் கழட்டுங்க. கண்ண மூடுங்க. காலால தொட்டுத் தொட்டு ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லுங்க.”

அவருக்குச் சலிப்பாக இருந்தது. ஆனாலும் செய்தார். இடது காலால் தொட்டு, “கிளச்” என்றார். வலது காலை நடுவில் வைத்தார். “பிரேக்.”

பின்னால் நின்றவர்கள் காரிலிருந்து கையை எடுத்தார்கள்.

“அது பிரேக் இல்ல மகன்” என்றேன். மறுபடியும் சொன்னேன்.

இர்பான் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். நடுமிதியைப் பார்த்தார், திறந்த கேட்டைப் பார்த்தார். மெல்லக் காலை வெளியே எடுத்து இறங்கினார். பக்கத்தில் கிடந்த கல்லைத் தூக்கி முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். இன்னொரு கல்லைத் தேடி எடுத்து வந்து வைத்தார். பிறகு அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, “வாப்பா” என்று அழ ஆரம்பித்தார். ராத்தா மூச்சு வாங்க வந்து சேர்ந்து மகனின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார்.

நஸார் நானாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு இரும்பு ஹேண்டிலும் மூன்று மிதிகளின் பெயர்களும்தான். இப்போது பஸ்ஸில் போகும்போது என் காலைச் சேலைக்குள் மறைப்பதில்லை. சிவப்பு இன்னும் அந்த உச்சியில்தான் நிற்கிறது. மழை பெய்தால் அந்தக் கற்களுக்கு அடியில் மண் கரையுமோ என்று நினைத்துக்கொள்கிறேன். விடிந்ததும் ராத்தாவுக்குப் போன் போட்டுக் கேட்கிறேன். நீங்கள் கேட்டபடியே பயந்துகொண்டுதான் இருக்கிறேன், நானா.